ராம்ப் இருக்கு... ஏறத்தான் முடியலை! – வாசகர் கேள்வி பதில்

கட்டடங்களிலும் பொது இடங்களிலும் எல்லாரும் தடையில்லாமல் புழங்குவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கட்டடப் பொறியாளரும் மறுவாழ்வுப் பயிற்சியாளரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். அளவுகள் பெரும்பாலும் மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட தடையற்ற சூழலுக்கான வழிகாட்டு நெறிகளை ஒட்டியவை. மேஸ்திரியிடம் சொல்ல வசதியாக அடி, அங்குலத்துக்கு மாற்றித் தந்திருக்கிறோம்.

திருமண மண்டப உரிமையாளர், கும்பகோணம்: மண்டபத் தரை ரோட்டிலிருந்து 3 அடி உயரம். வாசல் ஓரமாக 8 அடி நீளத்துக்கு ராம்ப் போட்டு, கிரானைட்டும் பதித்துவிட்டோம். அப்படியும் வீல்சேரில் வருபவர்களை நாலு பேர் தூக்கித்தான் ஏற்றுகிறார்கள். எங்கே தவறு?

8 அடி நீளத்தில் 3 அடி ஏறினால் அதற்குப் பெயர் சறுக்குமரம். 1 அங்குலம் ஏற 12 அங்குலம் ஓட வேண்டும் என்பதே கணக்கு. 3 அடிக்கு 36 அடி. இடமிருந்தால் 1-க்கு 15 என்று இன்னும் படுக்கவாட்டில் விடுவது நல்லது. உங்களுடையது 1-க்கு மூன்றுகூட இல்லை. இந்தச் சரிவில் வீல்சேரின் கனம் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் போய்விடுவதால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி, ஆளோடு மல்லாந்து விழும். இறங்கும்போது சக்கர வளையத்தைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அங்கே உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும்.

36 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நேராகப் போட வேண்டியதில்லை. ஒரே ஓட்டத்தில் இரண்டரை அடி உயரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதால், எப்படியும் நடுவில் ஒரு மட்டமான தளம் விட்டுத்தான் ஆக வேண்டும். ஒன்றரை அடி உயரம் ஏற 18 அடி, அங்கே 5 அடிக்குத் தளம், திரும்பி எதிர்த்திசையில் இன்னொரு 18 அடி. கைப்பிடிகளுக்கு நடுவே நிகர அகலம் 4 அடி. தொடக்கமும் முடிவும் ஒரே முனையில் வரும், அங்கேயும் 5 அடி மட்டம் வேண்டும். மொத்தத்தில் 28 அடி நீளம், 9 அடி அகலம். இரண்டு கார் நிறுத்தும் இடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. முகப்பில் செயற்கை நீரூற்றுக்கு இதைவிட அதிக இடம் விடும் மண்டபங்கள் உண்டு.

கிரானைட்டைப் பொறுத்தவரை, பளபளக்கும் பாலிஷ் கல்லைச் சாய்வில் பதிப்பது ஆபத்து. மழைத் தண்ணீரும் வாசலில் சிந்தும் பன்னீரும் சேர்ந்தால் செருப்போடு நடப்பவரே வழுக்கி விழுவார். தீயில் வாட்டிய சொரசொரப்பான கிரானைட் போடலாம். செலவு வேண்டாம் என்றால் சிமென்ட் தளம் இறுகும்முன் தென்னந்துடைப்பத்தால் குறுக்குவாட்டில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் போதும். வழுக்காமல் இருக்கட்டும் என்று சில கொத்தனார்கள் விரல் ஆழத்துக்குக் குறுக்குக் கோடு வெட்டுவார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். சின்ன முன்சக்கரம் ஒவ்வொரு கோட்டிலும் இடறும். முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு அந்த அதிர்ச்சியிலேயே கால்கள் வெட்டி இழுக்கும்.

கைப்பிடி இரண்டு பக்கமும், இரண்டு உயரத்திலும் வேண்டும். 3 அடியில் ஒன்று நடப்பவருக்கு, இரண்டரை அடியில் ஒன்று உட்கார்ந்திருப்பவருக்கும் குழந்தைக்கும். ஒன்றரை அங்குல எஸ்.எஸ். (எவர்சில்வர்) பைப் கைக்கு அடங்கும். பார்வைக்கு எடுப்பாக இருக்கும் மூன்று அங்குலப் பைப்பை விரல் சுற்றிப் பிடிக்க முடியாது. ராம்ப் முடிந்த பிறகும் கைப்பிடி 1 அடி நீண்டு, முனை வளைந்து சுவரிலோ தரையிலோ சேர வேண்டும். சக்கரம் விளிம்பைத் தாண்டிவிடாமல் இரு ஓரமும் 4 அங்குலத்துக்கு ஒரு வரப்பு கட்டுங்கள்.

கட்டி முடித்ததும் நீங்களே சோதிக்கலாம். 4 அடி மட்டப்பலகையை ராம்ப் மேல் நீளவாக்கில் வையுங்கள். அதன்மேல் ரசமட்டம். கீழ்முனையைத் தூக்கி, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்ததும் பலகையின் கீழ்முனைக்கும் ராம்ப் தரைக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளந்தால், 4 அங்குலமோ குறைவோ இருந்தால் சரி. 6 அங்குலம் என்றால் 1-க்கு 8. 8 அங்குலம் என்றால் 1-க்கு 6, அதாவது இடித்துக் கட்ட வேண்டியதுதான். மூன்று இடத்தில் அளந்து பாருங்கள், மேலே சரியாக இருந்து கீழே கடைசி இரண்டடியில் செங்குத்தாக இறக்கிவிடுவது சகஜம்.

அந்தக் கடைசி இடத்தில்தான் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ராம்பும் ரோடும் சேருமிடத்தில் நாலு நூலுக்கு மேல், அதாவது அரை அங்குலத்துக்கு மேல், விளிம்பு நிற்கக்கூடாது. ரோடு புதிதாகப் போடும்போதெல்லாம் மட்டம் மாறும். அப்போது ஒரு கைப்பிடி கலவை போட்டுச் சரித்துவிட வேண்டும். வாசலில் மழைநீர்க் கால்வாய்க் கம்பிச் சட்டம் இருந்தால் கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காகவும், இடைவெளி அரை அங்குலத்துக்குள்ளும் இருக்கட்டும். நீளவாக்கில் இருந்தால் முன்சக்கரமும் ஊன்றுகோல் முனையும் உள்ளே இறங்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று: வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர் மணமேடைக்கு எப்படி ஏறுவார்? அட்சதை போடவும் போட்டோ எடுக்கவும்தானே வந்தார்? மேடை 2 அடி உயரமென்றால் 24 அடி ராம்ப். பக்கவாட்டில், திரைக்குப் பின்னால் கொண்டுவரலாம். சாப்பாட்டு மேசையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து குறைந்தது 27 அங்குலம் உயரத்தில் இருந்தால்தான் வீல்சேரில் இருப்பவரின் முழங்கால் உள்ளே போகும். நம் பந்தி மேசைகளில் குறுக்கே ஓடும் கால்கம்பி அதைத் தடுத்துவிடுகிறது. வரிசைக் கடைசியில் ஒரு மேசைக்கு மட்டும் அந்தக் கம்பியை வெட்டி எடுத்து, பெஞ்சையும் நகர்த்தி வையுங்கள். முதல் பந்தியிலேயே இடம் கிடைக்கும்.

இல்லத்தரசி, திருச்சி: மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் பலமிழந்துவிட்டது. வாக்கர் வைத்து நடக்கிறார். வீட்டு பாத்ரூம் 5-க்கு 7 அடி, வெஸ்டர்ன் டாய்லெட் உள்ளது. மொத்தமாக இடிக்காமல் என்ன மாற்றங்கள் செய்யலாம்?

5-க்கு 7-இல் வீல்சேர் திரும்பாது, அதற்கு 5 அடி விட்டத்தில் காலியிடம் வேண்டும். வாக்கருக்கு இந்த அளவிலேயே நிறையச் செய்யலாம்.

கதவிலிருந்து தொடங்குங்கள். பாத்ரூமுக்கு வழக்கமாக வைக்கும் இரண்டரை அடி நிலையில் கட்டையிலேயே 5 அங்குலம் போய்விடும், திறந்து நிற்கும் கதவின் கனம் இன்னும் ஓர் அங்குலத்தைச் சாப்பிடும். மிஞ்சுவது 2 அடி, வாக்கரைக் கோணலாகத் திருப்பித்தான் நுழைய வேண்டும். நிலையை மாற்ற முடிந்தால் நிகர வழி 3 அடி வரும்படி வையுங்கள். முடியாவிட்டால் குறைந்தது கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிப் பூட்டுங்கள். இது வசதிக்காக மட்டும் சொல்வதில்லை. உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் வகையாக இருக்கட்டும்.

அடுத்து உயரம். சாதாரணமாகப் பொருத்தியிருக்கும் கோப்பை 15, 16 அங்குலம்தான் இருக்கும். பலமிழந்த காலோடு அவ்வளவு தாழ்விலிருந்து எழுந்திருப்பது பெரும்பாடு. 18 முதல் 19 அங்குலம் வேண்டும். கோப்பைமேல் இறுக்கிப் பூட்டும் உயர இருக்கை கிடைக்கிறது. வாங்கும்போது அடியில் திருகுப்பிடி உள்ளதா என்று பாருங்கள், சும்மா உட்கார வைக்கும் வகை பக்கவாட்டில் நழுவும். கோப்பையைக் கழற்றிச் சிமென்ட் மேடை கட்டித் தூக்கலாம் என்று பிளம்பர் சொல்வார். கழிவுக்குழாய் சுவருக்குள் போகும் வகையென்றால் தூக்கிய உயரத்துக்கு வாய் பொருந்தாது, கசியும். தரைக்குள் போகும் வகையில்தான் இது சரிப்படும். அப்போதும் மேடை கோப்பையின் அடிப்பாகம் அளவுக்கே இருக்க வேண்டும். அகலமாகக் கட்டினால் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் போகும்.

கைப்பிடிக் கம்பியில்தான் பெரும்பாலானோர் தவறுவது. எந்தப் பக்கம் வைப்பது? பலமுள்ள பக்கம். உங்கள் மாமனார் கோப்பையில் உட்கார்ந்த நிலையில் அவருடைய இடப்பக்கம். அங்கே சுவர் இருந்தால், இருக்கைக்கு மேல் 8 அங்குல உயரத்தில் கிடைமட்டமாக ஒன்று, அதன் முன்முனையிலிருந்து செங்குத்தாக ஒன்று, ‘எல்’ வடிவில். கிடைமட்டக் கம்பியை அழுத்தி எழுவார், செங்குத்துக் கம்பியைப் பிடித்து நிலைப்படுவார். சுவர் தள்ளி இருந்தால் கை எட்டாது, அதனால் கோப்பையின் மையக்கோடு சுவரிலிருந்து ஒன்றரை அடியில் இருக்க வேண்டும். இடப்பக்கம் சுவரே இல்லையென்றால், பின்சுவரில் பூட்டி மேலே மடக்கும் கம்பியோ தரையில் கால் ஊன்றிய கம்பியோ போடுங்கள்.

கம்பியைவிட அதைப் பிடித்திருக்கும் சுவர் முக்கியம். டப்பாவோடு வரும் பிளாஸ்டிக் முளையும் இரண்டு அங்குல ஸ்க்ரூவும் டவல் தொங்கவிடத்தான் லாயக்கு. முதலில் டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் பின்னால் கலவை இல்லை, இறுக்கும்போதே வெடிக்கும். நாலரை அங்குலச் செங்கல் சுவரில் விரியும் போல்ட் செங்கல்லையே பிளந்துவிடுவதுண்டு. துளைக்குள் பசையால் பிடித்துக்கொள்ளும் கெமிக்கல் ஆங்கர் பாதுகாப்பு. துளையிட்டபின் உள்ளே இருக்கும் தூசியைத் துலக்கி ஊதி முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் பசையை ஏற்ற வேண்டும். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. உறையில் போட்டிருக்கும் நேரம் முழுக்க ஆறவிடுங்கள். ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக்குமிழி நிறைந்த இலகுவான கட்டி) சுவரென்றால் எந்த ஆங்கரையும் நம்பாமல் மறுபக்கம்வரை துளைத்து, 4 அங்குலச் சதுர எஸ்.எஸ். தகடு வைத்து நட்டு போட்டு இறுக்குங்கள். வேலை முடிந்ததும் பூட்டிய ஆளையே முழு எடையோடு தொங்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் பதில் தெரிந்துவிட்டது. டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் உறிஞ்சிக் கைப்பிடிகளை வாங்கவே வேண்டாம்.

கழுவிக்கொள்ளும் ஹேண்ட் ஃபாசெட் பெரும்பாலும் வலப்பக்கம்தான் பொருத்தியிருப்பார்கள், அதை இடப்பக்கம் மாற்றுங்கள். இது மறந்துபோகும், மறந்தால் தினமும் அவதி. குளிக்க ஒரு ஸ்டூல், 18 அங்குல உயரத்தில், கால்களில் ரப்பர் மூடியோடு. வாளியைத் தரையில் வைத்தால் குனிய வேண்டும், ஒரு முக்காலிமேல் வையுங்கள். ஓர் அழைப்பு மணியின் கயிற்றைத் தரையிலிருந்து 1 அடி உயரம்வரை தொங்கவிடுங்கள், விழுந்து கிடப்பவர் கைக்கு அதுதான் எட்டும்.

பார்வையற்ற வாசகர், கோயம்புத்தூர்: நடைபாதையில் பதித்த மஞ்சள் டைல்ஸைக் கோலால் தடவிக்கொண்டே போனால் நேராக மின்பெட்டியில் போய் முட்டுகிறேன். இதைப் பதிப்பவர்களுக்கு விதிமுறை எதுவும் கிடையாதா?

உண்டு. படித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு. இந்த டைல்ஸை ஜப்பானியரான செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கினார், 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தார்கள். அதன் மொழியில் இரண்டே எழுத்துகள். நீளக்கோடு என்றால் ‘போகலாம்’. புள்ளி என்றால் ‘நில், கவனி’. படிக்கட்டு, சாலைக் கடப்பு, தண்டவாள மேடையின் விளிம்பு, பாதை திரும்புமிடம் ஆகியவற்றில் புள்ளி வரும்.

நம் ஊரில் இதை அலங்காரக் கோலமாக நினைத்துப் பதிக்கிறார்கள். டைல்ஸ் தீர்ந்துபோனால் கோட்டுக்குப் பதில் புள்ளியைப் போட்டு நிரப்புகிறார்கள், அது நடுவாக்கியத்தில் முற்றுப்புள்ளி வைப்பதைப் போல. கோட்டு டைல்ஸைத் திசைக்குக் குறுக்காகத் திருப்பிப் பதித்துவிடுவதும் உண்டு. பாதாளச் சாக்கடை மூடி வந்தால் அங்கே விட்டுவிட்டு அந்தப் பக்கம் தொடர்கிறார்கள். செய்ய வேண்டியது, பதிக்கும் முன்பே முழு நீளத்துக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டு நடந்து பார்ப்பது. கோட்டின் இருபுறமும் 2 அடிக்குக் கம்பம், மரம், பெட்டி எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் கோட்டைத் தொலைவிலிருந்தே விலக்க வேண்டும். திருப்பத்தில் 2 அடிச் சதுரத்துக்குப் புள்ளி டைல்ஸ். படிக்கட்டுக்கு 1 அடி முன்பாகவே புள்ளிப்பட்டை, படியின் விளிம்பிலேயே அல்ல, ஏனெனில் நின்று நிதானிக்க இடம் வேண்டும். மேடு 5 மி.மீ. உயரம் இருந்தால்தான் செருப்புக் காலுக்கும் தெரியும்.

நிறத்தையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பார்வை உள்ளவர்களும் இதை நம்பித்தான் நடக்கிறார்கள். கட்டட உள்ளமைப்பாளர்கள் அழகுக்காகச் சாம்பல் கிரானைட்டில் வெள்ளி நிற எஸ்.எஸ். குமிழ்களைப் பதிக்கிறார்கள். கண்ணுக்கும் தெரியாது, ஈரத்தில் வழுக்கவும் செய்யும். மஞ்சள் கண்ணை உறுத்துகிறது என்கிறார்கள். உறுத்தத்தான் அது மஞ்சள்.

கோலுக்கு அகப்படாத ஆபத்து ஒன்று இருக்கிறது. சுவரிலிருந்து 4 அங்குலத்துக்கு மேல் துருத்திக்கொண்டு, இடுப்புக்கும் தலைக்கும் நடுவே தொங்கும் ஏ.சி. வெளியலகு, தீயணைப்பான், பெயர்ப்பலகை. கோல் அடியில் காலியிடம் என்று சொல்லும், நெற்றி போய் இடிக்கும். மாடிப்படியின் அடிப்பகுதியும் அப்படியே, 7 அடிக்குக் கீழே தலையிடிக்கும் இடம் முழுவதையும் ஒரு தொட்டியோ கம்பித் தடுப்போ வைத்து அடைத்துவிட வேண்டும்.

கல்லூரி மாணவி, சென்னை: தாழ்தளப் பேருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நடத்துநர் சாய்வுப்பலகையை விரித்தாலும் வீல்சேரில் தனியாக ஏற முடிவதில்லை. ஏன்?

2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கிய இந்தப் பேருந்துகளின் தளம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரம். நிறுத்தத்தில் நின்றதும் ஒரு பக்கமாகச் சற்றுத் தாழும். பேருந்தில் குறையில்லை, நிற்கும் இடத்தில்தான் குறை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பலகை ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நடைபாதையை ஒட்டி நின்றால், 15 செ.மீ. உயரமுள்ள நடைபாதையிலிருந்து மிச்சம் 25 செ.மீ.தான் ஏற வேண்டும், அதாவது 1-க்கு 4. பேருந்து தாழ்ந்தால் இன்னும் இளகும். பின்னாலிருந்து ஒருவர் கை கொடுத்தால் ஏறிவிடலாம். ஆட்டோ நிற்கிறது, பைக் நிற்கிறது என்று ஓட்டுநர் நடுரோட்டில் நிறுத்தினால் பலகை தார்ச்சாலையில் இறங்கும். முழு 40 செ.மீ. ஏற வேண்டும், 1-க்கு இரண்டரை. கும்பகோணம் மண்டபத்தைவிட மோசம்.

ஆகவே புகார் எழுதும்போது போக்குவரத்துக் கழகத்துக்கு மட்டும் எழுதாதீர்கள். நிறுத்தத்தின் இரு பக்கமும் வாகனம் நிறுத்தத் தடை, நடைபாதை விளிம்பின் உயரம், நிழற்குடைக்கு முன்னால் வீல்சேர் திரும்ப 5 அடி காலியிடம், பைக் ஏறாமல் இருக்க நட்ட கம்பங்களுக்கு நடுவே 4 அடி வழி, இவையெல்லாம் மாநகராட்சியும் காவல்துறையும் செய்ய வேண்டியவை. கம்பங்களை 2 அடிக்கு ஒன்றாக நட்டு பைக்கைத் தடுக்கிறார்கள், வீல்சேரும் சேர்ந்து நின்றுவிடுகிறது. பைக்கோ எப்படியும் நுழைந்துவிடும்.

வாசகர், மதுரை: நான்கு மாடி வணிக வளாகம் ஒன்று புதிதாகத் திறந்தார்கள். வாசலில் ஐந்து படி, ராம்ப் இல்லை. தனியார் இடம், கேட்க முடியாது என்கிறார்கள். உண்மையா?

இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பொதுக்கட்டடம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே ‘அரசு அல்லது தனியார்’ என்று இருக்கிறது. பொதுமக்கள் வந்துபோகும் கடை, மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டுத்தலம் எல்லாமே அதில் அடக்கம். பிரிவு 44-இன்படி விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது, பணி நிறைவுச் சான்றும் தரக்கூடாது. பழைய பொதுக்கட்டடங்களைத் திருத்த விதிகள் வந்த நாளிலிருந்து 5 ஆண்டு அவகாசம் இருந்தது. விதிகள் 2017-இல் வந்தன. அவகாசம் 2022-லேயே முடிந்துவிட்டது. மீறினால் முதல்முறை ரூ.10,000 வரை அபராதம், மறுபடி மீறினால் ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அளவுகளைச் சொல்லும் விதி, கட்டாயம் என்று சொல்லாமல் வெறும் பரிந்துரை மாதிரி எழுதப்பட்டிருந்தது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அந்த விதி 15(1) சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது என்று தள்ளிவிட்டு, கட்டாயமான அளவுகளை 3 மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

மனு எழுதும்போது ‘ராம்ப் இல்லை, கஷ்டமாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் பதிலும் அதே தரத்தில்தான் வரும். படியின் உயரத்தை டேப் தெரியும்படி போட்டோ எடுங்கள். வாசல் அகலம், லிஃப்ட் கதவின் அகலம், கழிப்பறைக் கதவின் அகலம் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். அந்தக் கட்டடத்துக்கு ஒப்புதல் தந்த வரைபடத்தையும் பணி நிறைவுச் சான்றையும் உள்ளாட்சி அமைப்பிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். வரைபடத்தில் ராம்ப் இருந்து தரையில் இல்லையென்றால் உங்கள் வழக்கு பாதி முடிந்தது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நகல். அசையவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். ஆளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு.

கோயில் அறங்காவலர், திருநெல்வேலி மாவட்டம்: ஒரே கல்லில் செதுக்கிய வாசற்படி 1 அடி உயரம். இடிக்க முடியாது, இடிக்கவும் கூடாது. என்ன செய்யலாம்?

இடிக்க வேண்டாம். படியைத் தொடாமல் அதன்மேல் பாலம்போல் உட்காரும் மரச்சாய்வு செய்யலாம். முறைப்படி 1 அடி ஏற 12 அடி, வாசற்படிமேல் கொஞ்சம் மட்டம், உள்ளே இறங்க இன்னொரு 12 அடி. முன்மண்டபத்தில் அவ்வளவு இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லையென்று 6 அடியில் முடித்தால், அது இரண்டு பணியாளர் பிடித்துத் தள்ளும் வழி மட்டுமே என்பதை ஒப்புக்கொண்டு, அந்த இரண்டு பேரும் நடை திறந்திருக்கும் நேரமெல்லாம் இருக்கும்படி பாருங்கள். நான்கு அடி நீளத் துண்டுகளாகச் செய்தால் தூக்கி வைக்கலாம். கல்லில் படும் அடிப்பகுதிக்கு ரப்பர் ஒட்டுங்கள். கல்லும் தேயாது, பலகையும் நகராது. ஆணி, போல்ட் கூடவே கூடாது. தொல்லியல் துறையோ அறநிலையத் துறையோ சம்பந்தப்பட்டிருந்தால் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தெருவில் உருண்ட சக்கரம் உள்ளே வரலாமா என்ற கேள்வி எப்படியும் எழும். கோயிலுக்கென்று உள்ளேயே இரண்டு வீல்சேர் வைத்து வாசலில் மாற்றிக்கொள்ளச் செய்கிறார்கள் சிலர். மாறி உட்கார முடியாதவருக்கு அது உதவாது. ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்து அனுப்புவது எல்லாருக்கும் சுலபம். மதியம் பிராகாரக் கல் சுடும்போது, உணர்ச்சியற்ற பாதம் கால்தட்டிலிருந்து நழுவித் தரையில் பட்டால் கொப்புளம் வந்தபிறகுதான் அவருக்கே தெரியும். வெள்ளைப் பூச்சோ தேங்காய்நார் விரிப்போ போட்ட பாதையில் தள்ளிச் செல்லுங்கள். விரிப்பின் ஓரம் சுருளாமல் இருக்கட்டும்.

வாசகர், திருவல்லிக்கேணி: மரினா கடற்கரையில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்ட மரப்பாதையை ஏன் அடிக்கடி செப்பனிட வேண்டியிருக்கிறது?

2022 நவம்பரில் திறந்தார்கள், டிசம்பரிலேயே மாண்டஸ் புயலின் அலை கடல்முனையை உடைத்தது. அலை ஏறும் எல்லைக்குள் நிலையாக எதைக் கட்டினாலும் இந்தக் கதிதான். கடைசிப் பகுதியை மட்டும் கழற்றக்கூடிய துண்டுகளாகவோ சுருட்டி எடுக்கும் கடற்கரைப் பாயாகவோ வைத்தால் புயல் எச்சரிக்கை வந்ததும் எடுத்துவிடலாம். தினசரித் தொல்லை காற்றில் வந்து படியும் மணல். பாதைமேல் இரண்டு விரற்கடை மணல் சேர்ந்தாலே முன்சக்கரம் புதைந்து நின்றுவிடும். அதற்கு மருந்து காலையில் ஒரு துடைப்பம்.

ஆசிரியை, ஈரோடு: காது கேளாத மாணவர்களுக்காகக் கட்டடத்தில் செய்ய வேண்டியது ஏதும் உண்டா? அவர்களுக்குத்தான் நடக்க முடியுமே?

முதலில், தீ விபத்து எச்சரிக்கை. மணி அடித்தால் அவர்களுக்குத் தெரியாது, மினுக்கும் விளக்கு வேண்டும். வகுப்பறையில் மட்டுமன்றிக் கழிப்பறைக்குள்ளும் வேண்டும், தனியாக இருக்குமிடம் அதுதான். ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும், உதட்டசைவு தெரியாது, சைகையும் தெரியாது. கரும்பலகையை ஜன்னல் இல்லாத சுவரில் வையுங்கள். காதொலிக் கருவி அணிந்தவருக்குக் கான்கிரீட் கூரையின் எதிரொலிதான் எதிரி, கருவி பேச்சையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கனமான திரைச்சீலை, பின்சுவரில் சாஃப்ட் போர்டு, பெஞ்சுக் கால்களில் ரப்பர் மூடி. செலவு அதிகமில்லை, மற்ற பிள்ளைகளுக்கும் பாடம் தெளிவாகக் கேட்கும்.

வாசகர், வேலூர்: லிஃப்டில் எதற்குக் கண்ணாடி? தலை சீவவா?

சீவிக்கொள்ளலாம். வீல்சேரில் உள்ளே போனவருக்குச் சின்ன லிஃப்டில் திரும்ப இடமிருக்காது, பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும். கதவு திறந்ததா, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று அவர் அந்தக் கண்ணாடியில்தான் பார்ப்பார். அதனால் அது பின்சுவரில், உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியும் தாழ்வில் இருக்க வேண்டும். அங்கே விளம்பரம் ஒட்டாதீர்கள்.